மனிதரோடு பழகும் தொழில்கள்

(நம் பங்கின் வெள்ளிவிழாவையொட்டி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியருக்காக நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா மேடைகளில் கடந்துபோன இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றிப் பேசுவது மரபு. நம் விழாக் குழுவினரோ வரப்போகும் இருபத்தைந்து ஆண்டுகளைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்கும். அந்த நாற்பதாம் வயதில் அந்தப் பிள்ளை காலையில் எழுந்து எங்கே போகும், நாள் முழுவதும் யாருடைய முகத்தைப் பார்க்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் வீடுகளில் இந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்பதை நான் அறிவேன். பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று மாமா வருவார், சித்தப்பா வருவார். மார்க்கைப் பார்ப்பார்கள். நானூற்று ஐம்பதுக்கு மேல் என்றால் இஞ்சினியர், கம்ப்யூட்டர். குறைந்திருந்தால், பெண்பிள்ளைக்கு நர்சிங், ஆண்பிள்ளைக்கு ஐ.டி.ஐ. அத்துடன் கூட்டம் கலையும். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு பிள்ளை உள்ளே போகும். உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. மனிதரைக் கவனிக்கும் தொழில்கள் எல்லாம் மார்க்கு குறைந்தவர்களுக்கு ஒதுக்கிய மிச்சம் மீதி என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்தை மறுத்துப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதனால் நம் பிள்ளைகள் பணத்தையும் ஆண்டுகளையும் எப்படி இழக்கிறார்கள் என்பதையும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். "எனக்கு எல்லாரிடமும் நன்றாகப் பேச வரும், ஆகையால் இத்தகைய தொழில் எனக்குப் பொருந்தும்" என்று சில மாணவர்கள் சொல்வதுண்டு. பேசத் தெரிந்திருப்பது நல்லதுதான். ஜவுளிக்கடையில் சேலை விற்க அது போதும். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முதியவர் ஒரே கேள்வியை நான்காம் முறை கேட்பார். கொடுத்த மாத்திரையைத் துப்புவார். நன்றி சொல்ல மாட்டார். மறுநாள் காலையிலும் அதே படுக்கையில் அவரே இருப்பார். அவரிடம் மறுநாளும் அதே குரலில் பேச முடிகிறதா என்பதே சோதனை. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் பலர் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறிவிடுகிறார்கள். கலகலவென்று பேசுகிறவர்கள் சிலர் ஒரே வாரத்தில் சலித்துப்போகிறார்கள். எனவே கூச்ச சுபாவம் உள்ளவர்கள், இது நமக்கான பேச்சு அல்ல என்று எழுந்துபோக வேண்டாம்.

வேலூர் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. ஐடா ஸ்கடர் என்ற பெண்மணி 1900ஆம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சிகிச்சையிடம் அது. ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்ற கட்டுப்பாட்டினால் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு அவர் மருத்துவம் படிக்க முடிவு செய்தார் என்ற வரலாற்றைப் பலரும் படித்திருப்பீர்கள். அந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அவர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது 1918இல். நர்சுகளுக்கான பள்ளியைத் தொடங்கியதோ 1909இல். ஒன்பது ஆண்டுகள் முன்னதாக! அறுவை சிகிச்சை முடிந்தபின் இரவெல்லாம் அருகில் நின்று, நாடி பார்த்து, காயத்தைக் காத்து, ஏதேனும் மாறினால் உடனே அறிந்து சொல்லக்கூடிய ஆள் இல்லாமல் எந்த டாக்டரின் கைத்திறனும் பயன்படாது என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார் என்றே நான் எண்ணுகிறேன். வேலூரில் 1946ஆம் ஆண்டு நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. நம் நாட்டில் நர்சிங்கில் பி.எஸ்ஸி. முதன்முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் வேலூர் ஒன்று, மற்றொன்று டெல்லி.

இது மிச்சம் மீதி வேலையா? மருந்துச் சீட்டில் 0.5 என்று இருப்பதை 5 என்று படித்துவிட்டால் நோயாளியின் உடலில் பத்து மடங்கு மருந்து ஏறிவிடும். டாக்டர் வார்டைச் சுற்றிவிட்டுப் போனபின் மற்ற நேரமெல்லாம் அந்த உயிருக்குக் காவல் நர்சுதான்.

இனி நடைமுறைக்கு வருவோம். நர்சிங்கில் மூன்று வாயில்கள் உள்ளன. நான்கு ஆண்டு பி.எஸ்ஸி. நர்சிங்கில் சேர வேண்டுமானால் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு, அகில இந்திய விதியின்படி, ஆங்கிலத்தோடு எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் தகுதி உண்டு. ஆயினும் அறிவியல் பிரிவு மாணவருக்கே முன்னுரிமை. இரண்டு ஆண்டு ஏ.என்.எம். பயிற்சி மூன்றாவது வாயில். நம் ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்கு வரும் கிராம சுகாதார நர்சு அந்த வழியில் வந்தவர். சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. எந்தத் தெருவில் யார் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று அவர் மனப்பாடமாக வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினொன்றில் உயிரியல் இல்லாத குரூப்பை எடுத்தால் பி.எஸ்ஸி. நர்சிங், பிசியோதெரபி ஆகிய கதவுகள் அன்றே சாத்தப்பட்டுவிடும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாத முடிவு இது ஒன்றுதான். மார்க்கு வரம்புகளும் சேர்க்கை விதிகளும் மாறக்கூடியவை. அவற்றை என் பேச்சிலிருந்து எடுத்துக்கொள்ளாமல் அந்தந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் பாருங்கள்.

அடுத்துக் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன். பெற்றோர்கள் பொறுத்தருள வேண்டும். பஸ் நிலையச் சுவரில் சுவரொட்டிகளைப் பார்க்கிறோம். குறுகிய காலத்தில் நர்சிங், உடனடி வேலை, தங்கும் வசதி உண்டு. கடை மாடியில் இரண்டு அறைகள், சுவரில் ஓர் எலும்புக்கூட்டுப் படம், பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை. இவ்வளவே அந்த நர்சிங் பள்ளி. எனக்குத் தெரிந்த ஒரு பெண், கூலி வேலை செய்யும் பெற்றோரின் மூத்த மகள், அத்தகைய ஓரிடத்தில் இரண்டு ஆண்டுகள் படித்தாள். வீட்டிலிருந்த ஒரே சங்கிலி அடகுக்குப் போயிற்று. முடிவில் அவள் கையில் பொன்னிற எழுத்தில் அச்சிட்ட சர்டிபிகேட் ஒன்று வந்தது. அரசு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனபோது, "கவுன்சில் பதிவு எண் என்ன?" என்று கேட்டார்கள். அவளிடம் அது இல்லை. இருக்கவும் முடியாது. அந்த நிறுவனத்துக்கே எந்தக் கவுன்சிலின் அங்கீகாரமும் இல்லை. முறையான ஜி.என்.எம். பள்ளி ஒன்றுக்கு விண்ணப்பம் போடும் அளவுக்கு அவளிடம் மார்க்கு இருந்தது. போடச் சொல்லத்தான் ஆள் இல்லை. இன்று அவள் ஒரு சிறிய மருத்துவமனையில் நர்சு செய்யும் வேலைகளையெல்லாம் செய்கிறாள். சம்பளப் பட்டியலில் மட்டும் அவள் உதவியாளர்.

நர்சுகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் நம் மாகாணத்தில் 1926ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023இல் புதுச் சட்டம் நிறைவேறியது. அமைப்புகளின் பெயர் மாறலாம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் நர்சு அல்ல என்பது மாறாது. ஆகவே பணம் கட்டுமுன் அலுவலகத்தில் நின்று கேளுங்கள். இந்தப் படிப்பை அங்கீகரித்த கவுன்சில் எது? முடித்தபின் என் மகளின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில், அங்கே எத்தனை படுக்கைகள்? இவற்றைக் கேட்டதற்கே கோபப்படும் இடமானால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். இனிமையாகப் பதில் சொன்னாலும் உடனே நம்பிவிடாமல், கவுன்சிலின் இணையதளப் பட்டியலில் அந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பிள்ளையின் கைப்பேசியிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் தொண்டு, சேவை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. தனியார் மருத்துவமனை நர்சுகளின் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி மத்திய அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. ஐம்பது படுக்கைக்கும் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று அக்குழு 2016இல் பரிந்துரைத்தது. பரிந்துரை வேறு, சம்பள உறை வேறு. அதைவிடக் குறைவாக வாங்குகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அரசுப் பணியிலும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். சேவை என்ற சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பவர்களிடம், பதிவு பெற்ற ஒருவரால்தான் நியாயம் கேட்க முடியும். இன்னொன்று, ஆண்பிள்ளைகளுக்கும் இதில் இடம் உண்டு. விபத்துப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் ஆண் நர்சுகள் எவ்வளவு தேவைப்படுகிறார்கள் என்பதை அங்கே பணியாற்றுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நர்சிங்கைப் பற்றியே அதிகம் பேசிவிட்டேன். நம் பங்கில் அதிகம் பேர் போகும் வழி அதுதான் என்பதால் அப்படி. ஆயினும் அதற்கு அடுத்த அறையில் இருக்கும் தொழில்களை நம்மவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

மீண்டும் வேலூருக்கே வாருங்கள். மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954இல் ஒரு கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கிவந்த டாக்டர் பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அந்த அறுவை சிகிச்சையை அவருக்குக் கற்பித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே மேரி வர்கீஸ் பிறருடைய விரல்களை நிமிர்த்தினார். பின்பு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த நிலையத்தில் நடப்பது என்ன என்று எண்ணிப் பாருங்கள். பனைமரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்த ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுந்த நரம்பை ஒட்டவைக்கும் மருந்து இல்லை. படுக்கையில் புரண்டு படுக்கவும், படுக்கையிலிருந்து நாற்காலிக்குக் கைகளை ஊன்றி மாறவும் பிசியோதெரபிஸ்ட் கற்பிக்கிறார். குளிக்க, உடுத்த, அடுப்படியில் வேலை செய்ய, மீண்டும் ஏதேனும் ஒரு தொழில் செய்ய வழி கண்டுபிடிப்பவர் செயல்முறைச் சிகிச்சையாளர். ஒரு முழங்கை அசைவுக்கு ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரமும் அவர் சலிக்கக்கூடாது. பிசியோதெரபி பட்டப்படிப்புக்கு நான்கரை முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பக்கவாதம் வந்து படுத்திருப்பவர்களின் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டுகள் செல்கிறார்கள். நம் கிளைக் கிராமங்களில் அந்த வண்டி வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பாட்டிமார்கள் உண்டு.

பேச்சுப் பயிற்சி என்று ஒரு தொழில் இருப்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு, உட்செவியில் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குள் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே நடக்கிறது. பத்திரிகையில் படம் வருவது அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கு. ஆனால் கருவியைப் பொருத்திய அன்று குழந்தைக்குக் கேட்பது வெறும் ஓசைதான். அந்த ஓசையில் அம்மா என்பது எது, நாய் குரைப்பது எது என்று பிரித்தறிய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். எதிரே உட்கார்ந்து ஒரே சொல்லை நூறு முறை சொல்பவர் பேச்சுப் பயிற்சியாளர். மைசூரில் இதற்கென்றே 1960களிலிருந்து அகில இந்திய நிறுவனம் ஒன்று இயங்கி வருகிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனத்தில் பல்வகைக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கான சிறப்பு ஆசிரியர் பயிற்சியும் உண்டு. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி நடத்திய நாடு நம்முடையது. ஆனாலும் சிறப்பு ஆசிரியர் இல்லாமல் எத்தனையோ பிள்ளைகள் கடைசி பெஞ்சில் வெறுமனே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் படிப்புகளுக்குப் பதிவேடு வேறு. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அதை வைத்திருக்கிறது. நர்சிங்குக்குச் சொன்ன கேள்விகளையே இங்கும் கேளுங்கள்.

வணிகவியல் குரூப், கலைப்பிரிவு எடுத்த பிள்ளைகள் முகம் வாட வேண்டாம். சமூகப்பணிப் படிப்புக்கு எந்தப் பிரிவும் போதும். பம்பாயில் 1936இலும் சென்னையில் 1952இலும் இதற்கென்று பள்ளிகள் தொடங்கிவிட்டன. சமூகப்பணி என்றால் வெள்ளத்தின்போது பொட்டலம் கொடுப்பது என்று நினைக்கிறோம். அதுவல்ல. நோயாளியை நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் எழுதிவிடுகிறார். அவருக்கு வீடு இருக்கிறதா, மருந்து எடுத்துக்கொடுக்க ஆள் உண்டா, காப்பீட்டு அட்டை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வழி செய்பவர் மருத்துவமனைச் சமூகப் பணியாளர். துன்பத்திலுள்ள குழந்தைகளுக்கான 1098 என்ற தொலைபேசி எண்ணை அறிவீர்கள். அந்த உதவி 1996இல் பம்பாயில் இத்தகைய ஒரு சமூகப்பணி நிறுவனத்தின் திட்டமாகத்தான் பிறந்தது. 2023 முதல் அரசே அதை ஏற்று நடத்திவருகிறது. இரவு இரண்டு மணிக்கு ரயில் நிலையத்தில் தனியாக நிற்கும் சிறுவனை அழைத்துவரப் போகிறவருக்கு இரக்கம் மட்டும் போதாது. சட்டம் தெரிந்திருக்க வேண்டும், காவல் நிலையத்தில் பேசத் தெரிந்திருக்க வேண்டும், அந்தப் பையன் சொல்லும் பொய்யைக் கேட்டுக் கோபப்படாமல் இருக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

மனநோயாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்றபின் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கென ஓர் அமைப்பை நிறுவினார். மருந்தோடு வேலையும் குடும்ப அரவணைப்பும் சேர்ந்தால்தான் நோயாளி தேறுவார் என்பது அவர் கொண்ட வழி. அத்துறையில் உளவியலாளர்கள், மனநல நர்சுகள், சமூகப் பணியாளர்கள் என்று பலருக்கும் வேலை இருக்கிறது. ஆனால் உளவியலில் ஒரு பி.எஸ்ஸி. முடித்தவுடன் பலகை மாட்டிவிட முடியாது. முதுகலையும் அதற்கு மேல் தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். ஆறேழு ஆண்டுகளுக்குத் தயாராக இருப்பவர்கள் வாருங்கள்.

நூலகத்தை இந்தக் கணக்கில் சேர்த்தால் சிரிப்பீர்கள். சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளில்லாத நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பழைய வேலைக்கே திரும்ப விரும்பினார். இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குச் சென்று, நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைப் பார்த்தபின் அவர் மனம் மாறியது. அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் புத்தகத்துக்குச் சமமாக வாசகருக்கும் இடம் உண்டு. எந்தப் பட்டம் பெற்றவரும் ஓராண்டு நூலக அறிவியல் படித்து இத்துறைக்கு வரலாம்.

தொழில் தனக்குப் பொருந்துமா என்று எப்படி அறிவது? மாமாவைக் கேட்டு அல்ல, செய்து பார்த்துத்தான். வரும் கோடை விடுமுறையில் பக்கத்து வீட்டில் பக்கவாதத்தில் இருப்பவருக்கு ஒரு மாதம் தினமும் சாப்பாடு ஊட்டிப் பாருங்கள். பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவருக்கு வாரம் இருமுறை பாடம் வாசித்துக் காட்டுங்கள். முதல் நாள் எல்லாருக்கும் பிடிக்கும். மூன்றாம் வாரம், நண்பர்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிடும்போது, உங்கள் கால் எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களே கவனியுங்கள். விளையாடப் போய்விட்டாலும் குற்றமில்லை. இந்தத் துறை வேண்டாம் என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொண்டீர்கள்.

பின்வரிசையில் நம் பங்கைச் சேர்ந்த இரண்டு நர்சுகள், ஒரு பிசியோதெரபிஸ்ட், ஓர் அங்கன்வாடிப் பணியாளர், சிறப்புப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆகியோர் அமர்ந்திருக்கிறார்கள். நான் சொன்னதில் எது சரி, எது மேடைப் பேச்சு என்பது அவர்களுக்குத் தெரியும். எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எந்த நாளில் அழுதீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். அவர்களில் மூத்த நர்சு அம்மாவுக்கு இன்று இரவுப் பணி. ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆகவே முதலில் அவரிடம் போங்கள்.